விமானிகளுக்குச் சொன்னார்கள், மேய்ப்பர்களுக்குச் சொல்லவில்லை

2025 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, எத்தியோப்பியாவின் அஃபார் மாநிலத்தில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. சாம்பல் சுமார் 14 கி.மீ. உயரத்துக்கு எழும்பியது. செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக அரபிக்கடலின் மேல் நகர்ந்து, மறுநாள் இரவு டெல்லி வானத்தை எட்டியது. நாலாயிரம் கி.மீ.க்கு மேற்பட்ட பயணம். ஏர் இந்தியாவும் ஆகாசாவும் சில விமானங்களை ரத்து செய்தன. நம் தொலைக்காட்சிகளில் அதே பேச்சாக இருந்தது. பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் உறங்கிய எரிமலை விழித்துக்கொண்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அந்தப் பன்னிரண்டாயிரம் யாரும் அளந்து சொன்ன கணக்கு அல்ல. கடைசிப் பனியுகம் முடிந்த பிறகு வந்த ஏறத்தாழ 11,700 ஆண்டுகளை நிலவியலில் ஹோலோசீன் காலம் என்பார்கள். உலக எரிமலைகளுக்குப் பட்டியல் வைத்திருக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் குறிப்பில், இந்தக் காலத்தில் ஹைலி குப்பி வெடித்ததாகத் தெரியவில்லை என்று இருந்தது. அவ்வளவுதான். அது வெடிக்கவே இல்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வெயிலும் வறட்சியும் மிகுந்த, சாலையில்லாத அந்தப் பகுதிக்குப் போய், பாறையைப் பெயர்த்து, வயதைக் கணித்தவர்கள் மிகச் சிலர். எரிமலை உறங்கியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாம் அங்கே போய்ப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

நான் எண்பதுகளில் எத்தியோப்பியாவில் புவியியல் ஆசிரியராக வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும், ஏராளமான ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் அங்கே போனார்கள். கோவில்பட்டியிலிருந்து போன எனக்கு, இன்று அடாமா என்று அழைக்கப்படும் நாஸ்ரெத் நகரின் அரசு மேல்நிலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூத்திக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது அந்த ஊர். நான் பாடம் நடத்திய வகுப்பறையே பிளவுப் பள்ளத்தாக்கின் தரையில்தான் நின்றது. கரும்பலகையில் வரைந்த படத்தை மாணவர்கள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். இரு பக்கமும் படிப்படியாக உயரும் மலைச்சரிவு, நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலம், அதில் ஆங்காங்கே எரிமலைக் குன்றுகள். ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் சோதெரே வெந்நீர் ஊற்று. புவியியல் வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்த நிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஃபார் என்பது மூன்று பிளவுகள் கூடும் முச்சந்தி. வடக்கே செங்கடல், கிழக்கே ஏடன் வளைகுடா, தெற்கே கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவு. அரேபியத் தட்டு ஒரு பக்கம், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியைத் தாங்கும் நுபியத் தட்டு ஒரு பக்கம், சோமாலியத் தட்டு இன்னொரு பக்கம் என்று மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. நாஸ்ரெத் பக்கத்தில் விலகும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர். வடக்கே அஃபாரில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். தட்டு இழுபட்டு மெலியும்போது கீழே இருக்கும் வெப்பப் பாறை மேலெழும்பி வருகிறது. அந்தப் பாறை புதிதாகச் சூடாவதால் உருகுவதில்லை. மேலிருந்து அழுத்திய பாரம் குறைந்ததால் உருகுகிறது. மாணவர்களுக்கு முதலில் நம்ப முடியாமல் இருந்த பாடம் இதுதான். இளக்குவதற்கு நெருப்பு வேண்டும் என்றே எல்லோரும் நினைக்கிறோம்.

உருகிய குழம்பு எப்போதும் மேலே வந்து கொட்டுவதில்லை. பெரும்பாலும் நிலத்தடியிலேயே செங்குத்தான பிளவுகளில் புகுந்து, மரத்தில் அடித்த ஆப்பைப் போல இருபக்கப் பாறையையும் விலக்கிக்கொண்டு, பல கி.மீ. தூரம் கிடையாக ஓடுகிறது. அது ஓடும் வழியெல்லாம் நிலம் நடுங்குகிறது. எனவே பிளவு மண்டலத்தில் நிலநடுக்கமும் எரிமலையும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். வெப்பம் அருகிலேயே இருப்பதால் அங்கே உறுதியான பாறை அடுக்கு மெல்லியது. ஆகவே ஒரே உலுக்கில் 9 அளவுக்குப் போகும் ஆற்றல் அதற்கு இல்லை. 2004இல் நம் கடற்கரையை அழித்த சுனாமியைக் கிளப்பிய சுமத்ரா நிலநடுக்கம் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகும் இடத்தில் நிகழ்ந்தது. பிளவு மண்டலத்தின் நடுக்கம் வேறு மாதிரி. அளவில் சிறியது, ஆழம் குறைந்தது, ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடாமல் வந்துகொண்டே இருக்கும். மண்சுவர் வீட்டில் இருப்பவருக்கு இது சிறிய விஷயமா?

மெத்தஹாரா பக்கத்திலிருந்து வந்து எங்கள் பள்ளியில் படித்த கரையூ இனத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் ஊருக்கு ஒருமுறை அழைத்துப் போனான். சாலையின் ஓரத்தில் ஃபென்டாலே எரிமலை. 1820 வாக்கில் அதிலிருந்து ஓடிவந்து உறைந்த கறுத்த பாறை, இன்றைக்கு வந்ததுபோல் புல்கூட முளைக்காமல் கிடந்தது. பக்கத்தில் பெசேகா ஏரி. உலகில் பல ஏரிகள் வற்றும்போது இந்த ஏரி வளர்ந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளில் 3 சதுர கி.மீ. இருந்த நீர்ப்பரப்பு இன்று 40 சதுர கி.மீ.க்கும் மேல். ரயில் பாதையையும் சாலையையும் உயர்த்தி உயர்த்திக் கட்டவேண்டி வந்தது. அவனுடைய தாத்தா, ஏரிக்கு நடுவே ஓர் இடத்தைக் கைகாட்டி, அங்கேதான் எங்கள் மாடு மேய்ந்தது என்றார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். “அஸ்தெமாரி (வாத்தியாரே), இந்த மலை மறுபடி எப்போது நெருப்பு விடும், உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறதா?”

எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அருகிலாவது வரக்கூடிய பதில் இன்று இருக்கிறது. அது அவர் பேரன்களை ஏன் போய்ச் சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

2005 செப்டம்பரில் அஃபாரின் தப்பாஹு பகுதியில் நடந்ததைப் பாருங்கள். சில வாரங்களுக்குள் 60 கி.மீ. நீளத்துக்கு நிலத்தடியில் குழம்பு புகுந்து, நிலம் சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. ஆண்டுக்கு 2 செ.மீ. என்று கணக்குப் போட்டால், நானூறு ஆண்டு விலகல் ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. தொடர்ந்து 2010 வரை மேலும் பதின்மூன்று முறை சிறிய அளவில் குழம்பு புகுந்தது. கண்டம் பிளவுபடுவதை மனிதர்கள் கருவிகளோடு பார்த்த அரிய நிகழ்ச்சி என்று அறிவியல் உலகம் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளின் ரேடார் படங்களில் நிலத்தின் அசைவு முழுவதும் பதிவாகியிருந்தது. ஆனால் அந்தப் பூமி வெடித்துச் சாம்பல் கக்கியபோது அருகில் நின்று கண்ணால் பார்த்தவர்கள் அங்கே ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள். அவர்களுக்கு யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

2011 ஜூனில் எரித்ரியாவின் நப்ரோ வெடித்தது. அதுவும் வெடித்ததாக வரலாற்றுப் பதிவு இல்லாத எரிமலை. அருகில் ஒரு நில அதிர்வுமானிகூடக் கிடையாது. மனித உயிர்கள் போயின. வெளியேறிய கந்தக வாயுவின் அளவு உலகம் முழுவதும் பேசப்பட்டது. வெடித்து முடிந்த பிறகுதான் வெளிநாட்டு ஆய்வாளர்கள் கருவிகளோடு போய்ச் சேர்ந்தார்கள்.

என் பழைய ஊருக்கு அருகிலேயே அடுத்தது வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் ஃபென்டாலே, அதன் வடக்கே தோஃபென், இரண்டுக்கும் இடையே நிலம் நடுங்கத் தொடங்கியது. டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்குப் போனது. 5 அளவைத் தாண்டிய நடுக்கங்கள் பல. அடிஸ் அபாபாவின் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். தோஃபென் அருகே நிலத்தைப் பிளந்துகொண்டு நீராவியும் சேறும் வந்தன. கெசெம் அணைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கீழே இருந்த ஊர்கள் பயந்தன. பல்லாயிரம் பேரை அரசு வேறு இடங்களுக்கு அப்புறப்படுத்தியது. அடாமாவில் ஓய்வுபெற்று வாழும் என் மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். அவருடைய அக்கா குடும்பம் இரவெல்லாம் வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுப் படுத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குள் போகலாமா, கூடாதா, எத்தனை நாளைக்கு என்று அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல ஊரில் யாருமில்லை என்றும் சொன்னார். அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்துப் புவி இயற்பியல் அறிஞர்கள் கையில் இருந்த கருவிகளை வைத்துக்கொண்டு இரவு பகலாக உழைத்தார்கள். அந்தத் துறைக்கு அங்கே நீண்ட மரபு உண்டு. பியர் கூவான் என்ற கனடிய ஏசு சபைத் துறவி ஐம்பதுகளின் இறுதியில் அங்கே ஆய்வுக்கூடம் அமைத்து, அந்நாட்டு நிலநடுக்கங்களின் வரலாற்றை 1979இல் நூலாகவே எழுதினார். அறிவுக்கு அங்கே குறைவில்லை. கருவிக்கும், கருவியைப் பழுதுபார்க்கப் போகும் வண்டிக்கும், வண்டிக்குப் பெட்ரோலுக்கும்தான் குறைவு.

இப்போது ஹைலி குப்பிக்குத் திரும்புகிறேன். வெடித்த சில மணி நேரத்தில் பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையத்திலிருந்து விமான நிறுவனங்களுக்குத் தகவல் போய்விட்டது. உலகம் முழுவதையும் ஒன்பது மையங்கள் இப்படிப் பங்கு போட்டுக் கவனிக்கின்றன. 1982இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு இஞ்சின்களும் நின்றுபோன பிறகு, 1989இல் அலாஸ்காவில் கே.எல்.எம். விமானத்துக்கும் அதே கதி நேர்ந்த பிறகு, நாடுகள் கூடி உருவாக்கிய ஏற்பாடு இது. மிக நல்ல ஏற்பாடு. டெல்லி விமான நிலையம் பாதுகாப்பாக இருந்ததற்கு அதுவும் காரணம்.

ஆனால் எரிமலையின் காலடியில் அஃப்தேரா என்ற ஊர் இருக்கிறது. உப்பு எடுப்பவர்களும் கால்நடை வளர்ப்பவர்களும் வாழும் ஊர். அங்கே சாம்பல் கொட்டிய பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. மேய்ச்சல் நிலம் சாம்பல் மூடிக் கிடந்தது, ஆடு மாடுகளுக்குத் தின்ன ஒன்றுமில்லை. மனித உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது நல்லகாலம். இத்தனைக்கும் அறிகுறி இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் பக்கத்து எரிமலையான எர்த்தா அலே வெடித்தபோது, நிலத்தடிக் குழம்பு தெற்கு நோக்கி ஹைலி குப்பியின் அடிவரை ஓடியதை ரேடார் செயற்கைக்கோள்கள் காட்டின. நான்கு மாதம் முன்பே வானத்திலிருந்து பார்த்தாகிவிட்டது. பார்த்ததைக் கீழே இறக்கிக் கொண்டுபோய், இந்தப் பக்கம் ஆட்டை ஓட்டாதீர்கள் என்று சொல்லும் கைதான் இல்லை.

பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறப்பவனுக்காக உலகம் முழுவதும் கூடிப் பணம் போடுகிறது. அதே எரிமலையின் சரிவில் நடப்பவனை அவனுடைய நாட்டின் வசதிக்கு விட்டுவிடுகிறது. இதை நான் அநியாயம் என்று சொல்கிறேன்.

பணமிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. அதுவும் இதே மாதிரி நிலம்தான். வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகும் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தீவு. 2023 நவம்பர் 10 அன்று கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊரின் அடியில் சுமார் 15 கி.மீ. நீளத்துக்குக் குழம்பு புகுந்தது. நில அதிர்வுமானிகளும் ஜி.பி.எஸ். கருவிகளும் மணிக்கு மணி காட்டிக்கொடுத்தன. அன்றிரவே ஏறத்தாழ 3,800 பேரையும் ஊரைவிட்டு வெளியேற்றிவிட்டார்கள். டிசம்பர் 18இல்தான் எரிமலை பிளந்தது. ஜனவரி 14இல் குழம்பு ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தபோது அந்த வீடுகளில் ஆள் இல்லை. ஊர் விரிசலை அடைக்கும் வேலையில் இருந்த ஒரு தொழிலாளி மண் உள்வாங்கியதில் விழுந்து மாண்டார் என்பதையும் மறக்கக் கூடாது. பிறகு அரசே மக்களின் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தது. 2025 ஜூலை வரை அதே இடத்தில் ஒன்பது முறை எரிமலை கக்கியிருக்கிறது.

பணமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவின் மேற்குக் கிளையில் கொங்கோ நாட்டின் கோமா நகரம் இருக்கிறது. பல லட்சம் மக்கள். தலைக்கு மேல் நியிராகொங்கோ எரிமலை. 2002 ஜனவரியில் அதன் குழம்பு நகரின் நடுவே ஓடி, லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீடற்றவர்களாக்கியது. அங்கே ஓர் எரிமலை ஆய்வகம் இருக்கிறது. 2020இல் வெளிநாட்டு நிதியுதவித் திட்டம் முடிந்ததும், மாதக்கணக்கில் இணைய இணைப்புக்குக்கூடப் பணமில்லாமல் கருவிகளின் பதிவுகள் ஆய்வகத்துக்கு வந்துசேரவில்லை என்று அதன் அறிவியலாளர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். 2021 மே 22 மாலை எரிமலை பக்கவாட்டில் பிளந்தது. முன்னெச்சரிக்கை இல்லை. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து, நகரின் அடியில் குழம்பு ஓடி நடுக்கம் நிற்காததால், பத்து வட்டாரங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். சுமார் நான்கு லட்சம் பேர் சாலைகளில் நெரிசலாய் நடந்தார்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கோமாவில் கருவிகள் எல்லாம் சரியாக இயங்கியிருந்தாலும் அந்த வெடிப்பு முன்கூட்டித் தெரிந்திருக்காது என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது. குழம்பு அங்கே மேற்பரப்புக்கு வெகு அருகில் இருந்ததால் அறிகுறி தெரிந்த நேரம் மிகக் குறைவு. எரிமலை எல்லா முறையும் சொல்லிவிட்டு வராது, உண்மைதான். அதற்காகக் காது கொடுக்காமல் இருப்பது எப்படிச் சரியாகும்? வெடித்த பிறகான அந்த ஐந்து நாளில் குழம்பு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துச் சொன்னதும் அதே கருவிகளும் அதே மனிதர்களும்தான்.

நம் ஊடகங்களின் கவனம் வேறு பக்கம் இருக்கிறது. 2018 மார்ச்சில் கென்யாவின் மாய் மஹியூ அருகே மழையில் நிலம் அரித்துப் பெரிய பள்ளம் விழுந்தது. ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளக்கிறது என்று உலகம் முழுவதும் அந்தப் படம் சுற்றியது. பழைய எரிமலைச் சாம்பல் மண்ணை வெள்ளம் கரைத்ததன் விளைவு என்று நிலவியலாளர்கள் சொன்னது பாதிப் பேர் காதில்கூட விழவில்லை. ஆப்பிரிக்கா பிளந்து புதுக் கடல் வரும் என்பது பொய்யல்ல. அது பல பத்து லட்சம் ஆண்டுக் கணக்கு. அந்தக் கடலைப் பற்றி எழுதும் அக்கறையில் கொஞ்சம், இன்றைக்குச் சாம்பல் படிந்த கிணற்றைப் பற்றியும் எழுதினால் என்ன?

இதில் இந்தியாவுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நம் வீட்டிலேயே ஆயிரம் பிரச்சினை இருக்கிறதே என்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்பதை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். ஹைதராபாத்தில் 2007இல் சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்தோம். 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகள் எல்லாவற்றுக்கும் நாமே எச்சரிக்கை அனுப்புகிறோம். ஆப்பிரிக்கக் கரை நாடுகளுக்கும் போகிறது. அதற்கு விலை கேட்டு நாம் யாரிடமும் பேரம் பேசவில்லை. கடலுக்குச் செய்ததைத் தரைக்கும் செய்ய முடியும்.

கருவியும் நம் கைக்கே வந்துவிட்டது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் புறப்பட்டது. நாசாவின் ஒரு ரேடாரும் இஸ்ரோவின் ஒரு ரேடாரும் அதில் உள்ளன. பூமியின் ஒரே இடத்தை 12 நாளைக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து, நிலம் சில மில்லிமீட்டர் உப்பினாலும் இறங்கினாலும் கண்டுபிடிக்கும். மேகமும் இருளும் அதற்குத் தடையில்லை. தரவு யாவருக்கும் இலவசம். அஃபாருக்கென்றே செய்தது போன்ற கருவி.

ஆனால் இலவசத் தரவு தானாக எச்சரிக்கை ஆகிவிடாது. அதைப் பிரித்துப் படிக்க அடிஸ் அபாபாவிலும் அஃபாரின் தலைநகர் செமெராவிலும் ஆள் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறோம். அதில் சில இடங்களை எரிமலைக் கண்காணிப்புக்கும் ரேடார் ஆய்வுக்கும் என்று ஒதுக்கலாம். நில அதிர்வுமானிகளைக் கொடுப்பதோடு நிற்காமல், பத்து ஆண்டுக்கு அவற்றைப் பராமரிக்கும் செலவையும் ஏற்கலாம். கோமாவில் கெட்டுப்போனது கருவியைவிட அந்தத் தொடர்ச்சிதான். விமான நிறுவனங்களும் இதில் பங்கு தர வேண்டும். சாம்பல் எங்கே போகிறது என்று தெரிவதைவிட, எரிமலை எப்போது வெடிக்கக்கூடும் என்று தெரிவது அவர்களுக்கும் லாபம்.

எச்சரிக்கை கடைசி மைலைக் கடப்பது எப்படி என்பதற்குப் பதில் அஃபார் மக்களிடமே இருக்கிறது. இரண்டு அஃபார்கள் வழியில் சந்தித்தால் சும்மா கடந்து போக மாட்டார்கள். நின்று, நலம் விசாரித்து, எங்கே மழை பெய்தது, எங்கே புல் இருக்கிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பகிர்ந்துகொள்வார்கள். கேட்டவர் அடுத்தவரைப் பார்க்கும்போது அதை அப்படியே சொல்ல வேண்டும். இது நாகரிகம் மட்டுமல்ல, கடமை. இந்த வழக்கத்துக்கு தாகு என்று பெயர். தொலைபேசி கோபுரம் எட்டாத இடத்திலும் தாகு எட்டும். செமெராவில் உள்ளூர் மொழி தெரிந்த ஒரு சிறு குழு, செயற்கைக்கோள் சொன்னதை எளிய சொற்களில் ஆக்கி, உள்ளூர்த் தலைவர்களிடமும் சந்தை நாளில் கூடுபவர்களிடமும் கொடுத்தால் போதும். இந்தக் குழுவுக்கான சம்பளத்தை முதலில் யார் தருவது என்று டெல்லியும் அடிஸ் அபாபாவும் உட்கார்ந்து பேச வேண்டும். ஹைலி குப்பியின் அடியில் குழம்பு இன்னும் இருக்கிறது.